பார்த்தவர் தாள்

பிப்ரவரி 3

மேடம் அவர்களுக்கு,

‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று எழுதி, அடித்துவிட்டு, இதை எழுதுகிறேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. காகிதத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் கம்பெனியின் கண் படாத வழி இது ஒன்றுதான் மிச்சம்.

எட்டு மாதமாக நாம் பேசவில்லை. போன ஜூனில் எங்கள் ஆஸ்பத்திரியின் நோயாளிப் பதிவுகளையெல்லாம் கணினியில் ஏற்றி உங்கள் கம்பெனி வைத்துக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டார்களே, அந்த மேடையில் கம்பெனி சார்பில் நீ உட்கார்ந்திருந்தாய். கூட்டத்தில் நான் எழுந்து, “பார்த்தவர் தாள் இனி எங்கே இருக்கும்?” என்று கேட்டேன். “அதெல்லாம் பழைய பழக்கம், இனிமே கணினி பார்த்துக்கும்” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் வெளியே போனேன். அதற்குமேல் இப்போது கிளற வேண்டாம்.

காரியத்துக்கு வருகிறேன். போன திங்கள்கிழமை பதிவறை ஜன்னலுக்கு ஒரு கிரேன் ஓட்டுநர் வந்தார். முப்பத்து நாலு வயது. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வேலைக்கு எல்லாத் தேர்விலும் தேறிவிட்டார். கடைசியில் இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது. காரணம், சிறு வயதில் வலிப்பு வந்தவராம். ஒன்பது வயதில் காய்ச்சலில் ஒரே ஒரு முறை வந்தது. அதற்குப் பிறகு இல்லை. அவர் மனைவிக்குக்கூட அது தெரியாது. எழுதிவைத்திருக்கும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான், எங்கள் ஃபைல்.

“யாரு சார் என் ஃபைலைப் பாத்தது?” என்றார்.

எடுத்துப் பார்த்தேன். திறப்பவர்கள் கையெழுத்துப் போடும் அந்த மஞ்சள் தாளில், அதுதான் பார்த்தவர் தாள், கடைசிக் கையெழுத்து நாலு வருஷத்துக்கு முந்தியது, கால் முறிவுக்கு வந்தபோது எலும்பு டாக்டர் போட்டது. ஆக, பார்த்தது காகிதத்தை அல்ல. பார்த்தவர் உங்கள் பக்கம்.

பத்தொன்பது வருஷமாக இந்த ஜன்னலில் இருக்கிறேன். ‘என் தாளை யார் பார்த்தது’ என்று கேட்டுவந்த யாரும் பதில் இல்லாமல் திரும்பிப் போனதில்லை. முதல் முறையாக ஒருவரிடம் “தெரியாதுங்க” என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு ஒரு பெயர் வேண்டும். யார் பார்த்தது?

இப்படிக்கு,
பதிவறைப் பொறுப்பாளர்

பிப்ரவரி 21

டேய் பூட்டு,

என்னை மேடம் ஆக்கினால் நான் உன்னைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவேன். ஏழு வயதில் பென்சில் டப்பாவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தவன்தானே நீ. ரப்பர் கேட்டால் எதற்கு என்று கேட்பாய். காரணம் சொன்னால்தான் கொடுப்பாய்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று விமானம் மாறி, காய்ச்சலோடு வந்தேன் அந்தக் கூட்டத்துக்கு. என் தலைவி பக்கத்தில் இருந்தார். என் கூடப் பிறந்தவனே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். “யார் அது?” என்று தலைவி கேட்டார். தெரியாது என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. சிரித்தது தப்பு. அதற்கு மன்னிப்பு. எழுந்து போனதற்கு நீ கேட்க வேண்டும்.

இப்போது உன் கேள்வி. உன் ஆஸ்பத்திரி ஒரு நாட்டில் இருக்கிறது. கம்பெனி பதிவாகியிருப்பது நான் இருக்கும் நாட்டில். கணினிகள் மூன்றாவது நாட்டில் இருக்கின்றன, அங்கே குளிர் அதிகம் என்பதால். உன் கிரேன் ஓட்டுநரின் காய்ச்சல் மூன்று நாட்டுச் சட்டத்துக்குள் அகப்பட்டிருக்கிறது. யார் எப்போது திறந்தார்கள் என்று கணினி தானே எழுதிக்கொள்ளும், அந்தப் பட்டியல் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தப்படி அது கம்பெனிக்குச் சொந்தம். ஆஸ்பத்திரி கேட்டாலும் கிடைக்காது. பதினாலாம் பிரிவு. எழுதியவள் நான்.

உடனே குதிக்காதே. எனக்கு முன்னால் இந்த மாதிரி ஒப்பந்தங்கள் ஒன்றரைப் பக்கம் இருக்கும். ‘தகவல் எங்களுடையது, நன்றி’ என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. நான் எழுதியது நாற்பத்திரண்டு பக்கம். பதிவுகளை விற்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தால் அழித்துக் காட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் ஊரில் ஐந்து பேர் கொண்ட குழு உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்காகவும் எங்கள் வக்கீல்களோடு மொத்தம் பதினோரு வாரம் மல்லுக்கு நின்றேன். இப்போது வேறு நாலு நாடுகளில் அதைத்தான் மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. சும்மா வந்த பெருமை இல்லை.

அந்தப் பெயரை நான் தர முடியாது. தயவுசெய்து என்னை அந்த இடத்தில் நிறுத்தாதே.

பதிவறைக்கு மாடிப்படி ஏறி இறங்காதே, லிஃப்டில் போ. காலை மாத்திரையை மறக்காதே.

அக்கா

மார்ச் 10

அக்கா,

எழுந்து போனதற்கு மன்னிப்பு. கேட்டாயிற்று. இனி அது முடிந்த கதை.

ஆனால் உன் பதில் வருகிறவரைக்கும் நான் சும்மா உட்காரவில்லை. தகவல் கேட்கும் சட்டம் ஒன்று இருக்கிறதல்லவா, கிரேன் ஓட்டுநரை உட்காரவைத்து மனு எழுதச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு ஒன்று. ‘கோரிய பட்டியல் எங்களிடம் இல்லை, அமைச்சகத்தை அணுகவும்.’ அமைச்சகத்துக்கு ஒன்று. ‘எங்களிடம் இல்லை, நிறுவனத்தை அணுகவும்.’ உங்கள் கம்பெனிக்கு ஒன்று. ‘கணினிகள் உள்ள நாட்டின் நீதிமன்றத்தை அணுகவும்.’ மூன்றையும் படித்துவிட்டு அவர் சொன்னார், “அந்த ஊருக்குப் போகத்தான் சார் நான் வேலைக்கே மனுப் போட்டேன்.” இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்தபிறகு அவர் மூன்று தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பழைய பழக்கம் என்றாயே, அது என்ன பழக்கம் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு ஃபைலின் கடைசியிலும் ஒரு மஞ்சள் தாளை நூலால் தைத்திருப்போம். ஒட்டினால் கிழித்துவிடலாம், தைத்தால் கிழித்தது தெரியும். யார் திறந்தாலும் பெயர், தேதி, காரணம் எழுத வேண்டும். தலைமை டாக்டரும் எழுத வேண்டும், துப்புரவு மேற்பார்வையாளரும் எழுத வேண்டும். தூசி தட்ட எடுத்தால் நானும் எழுத வேண்டும். ‘தூசி’ என்றே ஆயிரம் இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒரு முறை பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் ஃபைல் வேண்டுமாம். ஃபைலைத் திறக்காமல், மஞ்சள் தாளை மட்டும் மேலே இழுத்துவைத்து, பேனாவை நீட்டினேன். “என்னய்யா இது?” என்றார். “காரணம்னு போட்டிருக்கற எடத்துல நீங்க சொன்னதையே எழுதிடுங்க சார்” என்றேன். பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தைப் பார்த்தார். வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அவரைத் தடுக்கவே இல்லை. அந்தக் கட்டம்தான் தடுத்தது.

உன் நாற்பத்திரண்டு பக்கத்தையும் படித்தேன். நிஜமாகவே நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் அதில் எங்கேயும் அந்தக் கட்டம் இல்லை.

இன்னொன்று. மாத்திரை என்றாயே, எந்த மாத்திரை? மாடிப்படி ஏறாதே என்று உனக்கு யார் சொன்னது? போன செப்டம்பரில் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நாம் பேசாத சமயம், உனக்குச் சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். மனைவியிடம் கேட்டேன். “நான் ஏங்க சொல்லப்போறேன்? சத்தியம் வாங்கிட்டீங்களே” என்கிறாள். வேறு யாருக்கும் உன் விலாசம்கூடத் தெரியாது. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 2

பூட்டு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். கடைசிப் பத்தியை அதிகமாக. அதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

கிரேன் ஓட்டுநரின் பதிவை யார் திறந்தார்கள் என்று பார்த்துவிட்டேன். எனக்குப் பார்க்கும் அதிகாரம் உண்டு. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, ஆட்களை வேலைக்கு எடுத்துத் தரும் முகமை ஒன்று. எங்கள் பங்காளி நிறுவனமாம். பதினாலாம் பிரிவில் ‘சேவைக்குத் தேவையான பங்காளிகள்’ பார்க்கலாம் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காக வக்கீல்கள் இரண்டு வாரம் நச்சரித்தார்கள். இயந்திரம் பழுது பார்ப்பவர்களைச் சொல்கிறார்கள் என்று நினைத்து விட்டுக்கொடுத்தேன். யாரைப் பங்காளி ஆக்குவது என்பது அவர்கள் கையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்பத்திரண்டு பக்கம் எழுதியவளுக்கு ஒரு சொல் கண்ணில் படவில்லை. என் பெருமையை நீயே வைத்துக்கொள்.

முகமையின் பெயரை உனக்கு எழுத முடியாது. எழுதினால் அது திருட்டுத் தகவல் என்றே பேசப்படும், உன் கிரேன் ஓட்டுநருக்கும் பயன்படாது. முறையாக வந்தால்தான் அது செல்லும். முறையான வழி ஒன்று இருக்கிறது. முப்பத்தோராம் பக்கம். யாராவது ஒருவர் விதியை மீறிப் பதிவைத் திறந்தது உறுதியானால், முழுப் பட்டியலையும் உங்கள் ஊர்க் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். அதையும் நான்தான் எழுதினேன். அந்த முகமை மீறவில்லை. ஒப்பந்தம் கொடுத்த இடத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டது.

வேறொரு மீறல் இருக்கிறது. நூற்றுக்கு நூறு மீறல். அதைப் பற்றி எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். கை வரவில்லை.

அக்கா

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை அடிக்கவில்லை.

என் ஃபைலை நீ பார்த்திருக்கிறாய். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு நாள் ஆனது. பத்தொன்பது வருஷம் யார் எதைப் பார்த்தார்கள் என்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன், என் ஃபைலை யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

முதலில் கொதித்தது. ஒரு வாரம் உன்னை மனதில் வைத்துத் திட்டினேன். ஸ்டென்ட் வைத்த அன்று என் ரத்த அழுத்தம் என்ன, நான் எதற்கு அழுதேன் என்று நர்ஸ் குறித்தது, எல்லாம் உனக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், சொல்லியிருக்க மாட்டேன். அதுவும் உண்மைதான். வார்டில் பத்து நாள் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நீ வருவாய் என்று இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

இப்போது கேள். பட்டியல் வெளியே வந்தால் உன் பெயர் வரும். வேலை போகும். உன் துறையில் வேறு எங்கேயும் சேர்க்க மாட்டார்கள். எனவே நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கிரேன் ஓட்டுநரிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஜூன் முப்பதாம் தேதி ஊர்க் குழு கூடும்போது என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கிறது. ஏதோ ஒரு நாட்டு மாநாட்டில் நீ பேசும் படம். நாம் சண்டை போட்டிருந்தபோதும் எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வருகிறவர்கள், “யாரு சார் இது?” என்று கேட்டால், “எங்க அக்கா. உலகத்துக்கே சட்டம் எழுதுறா” என்பேன். அதை நான் இழக்க விரும்பவில்லை.

மாத்திரை தினமும் போடுகிறேன். லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

தம்பி

மே 19

டேய் பூட்டு,

நீயா ஜன்னலைச் சாத்துவது? அதுவும் எனக்காகவா? படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் டீ ஆறிப்போனது.

நடந்ததைச் சொல்கிறேன். போன செப்டம்பரில் உங்கள் ஊர்ப் பதிவுகள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எந்த எண்ணையும் போட்டிருக்கலாம். உன்னுடையதைப் போட்டேன். உன் பெயரைத் திரையில் பார்த்தால் போதும் என்றிருந்தது. திறந்தால், அன்று காலைதான் உன்னை வார்டில் சேர்த்திருக்கிறார்கள். போனை எடுத்தேன், வைத்தேன். மறுநாள் மறுபடி திறந்தேன். அழுத்தம் குறைந்திருந்தது. அதற்கு மறுநாளும் திறந்தேன். நீ வீட்டுக்குப் போகிறவரைக்கும், போன பிறகும். மொத்தம் பன்னிரண்டு முறை.

உன் அதிகாரியின் கதையைப் படித்தபோதுதான் புரிந்தது. எங்கள் திரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தட்டு, திறந்துவிடும். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் நான் அதில் என்ன எழுதியிருப்பேன்? எழுதுவதற்கு வெட்கப்பட்டு உனக்குப் போன் செய்திருப்பேன். வார்டுக் கதவில் வந்து நின்றிருப்பேன். பழைய பழக்கம் என்று சொல்லிச் சிரித்தேனே, எனக்குத்தான் அது தேவைப்பட்டது.

போன வாரம் தலைவியிடம் போய்ச் சொன்னேன். “பன்னிரண்டு முறையா? ஏன்?” என்றார். “அவன் என் தம்பி” என்றேன். “அன்றைக்கு எழுந்து போனாரே, அவரா?” என்றார். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்திருக்கிறது. வேலை போய்விட்டது. மாலைக்குள் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் மீறல் உறுதியாகிவிட்டதல்லவா, முப்பத்தோராம் பக்கம் திறந்துகொண்டது. முழுப் பட்டியலும் உங்கள் குழுவுக்கு வந்தே ஆக வேண்டும். நான் எழுதிய பக்கம்தான் என்னை வெளியே அனுப்பியது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

குழுவின் தலைவர் எனக்கு எழுதியிருக்கிறார். பதினாலாம் பிரிவை எப்படி மாற்றலாம் என்று ஆலோசனை கேட்கிறார். ஐந்து வரி எழுதி அனுப்பினேன். திறப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் பெயர், தேதி, காரணம் எழுதாமல் பதிவு திறக்கக் கூடாது. பதிவுக்கு உரியவர் கேட்டால் ஏழு நாளுக்குள், அவர் ஊரிலேயே, அவர் மொழியிலேயே, அவருக்குத் தெரிந்த ஜன்னலிலேயே அது கிடைக்க வேண்டும். நாற்பத்திரண்டு பக்கத்தில் எனக்குப் பிடித்தது இனி இந்த ஐந்து வரிதான்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இங்கே மஞ்சள் காகிதம் கிடைக்கவில்லை, வெள்ளைதான். உன் ஃபைலில் தைத்துவிடு. ஒட்டாதே.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூன் முப்பதாம் தேதி கூட்டம், போன வருஷம் நடந்த அதே அரங்கில். நான் பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டு உட்காரவில்லை. பெரிய அதிகாரியின் கதையைச் சொன்னேன், பெயர் சொல்லாமல். பிறகு, “இந்தப் பட்டியலை முதலில் வெளியே கொண்டுவந்தவங்க தன் பேரையே முதல்ல எழுதிக் கொடுத்தாங்க. அவங்க எங்க அக்கா” என்றேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைமை டாக்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், எல்லாம் இந்த இதயத்துக்குப் பயந்துதான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஐந்து வரியும் நிறைவேறியது. உங்கள் கம்பெனி, உன் பழைய கம்பெனி, ஒரு மாதம் முரண்டு பிடிக்கும் என்கிறார்கள். பிடிக்கட்டும். கையெழுத்துப் போடாவிட்டால் பதிவுகளை அழித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும், அதையும் நீ எழுதிவைத்திருக்கிறாய்.

கிரேன் ஓட்டுநர் முந்தாநாள் வந்தார். அவருக்கு உரிய பக்கத்தை ஜன்னல் வழியாக நீட்டினேன். முகமையின் பெயர், தேதி எல்லாம் இருந்தது. காரணம் என்று குழு புதிதாகச் சேர்த்த இடம் மட்டும் காலியாக இருந்தது. விரலால் அந்தக் காலி இடத்தையே தடவிக்கொண்டிருந்தார். “இத வச்சி கேக்கலாமா சார்?” என்றார். “கேளுங்க. நல்லா நிமிர்ந்து கேளுங்க” என்றேன். அந்தத் துறைமுகத்துக்கு எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. மனைவியிடம் வலிப்பு விஷயத்தை அவரே சொல்லிவிட்டாராம். “‘இவ்வளவுதானா’ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா சார்” என்று சொல்லிச் சிரித்தார்.

நீ அனுப்பிய தாள் வந்தது. பன்னிரண்டு வரி. பன்னிரண்டு தேதி. ஒவ்வொன்றிலும் பெயர் என்ற இடத்தில் உன் முழுப் பெயரும் எழுதியிருக்கிறாய், அலுவலகப் பதவியோடு. காரணம் என்ற இடத்தில் முதல் வரியில் ‘சோதனை’ என்று எழுதி அடித்திருக்கிறாய். அதற்குப் பக்கத்தில் ‘தம்பி எப்படி இருக்கிறான் என்று பார்க்க’. மற்றப் பதினோரு வரியிலும் அதையேதான். மேற்படி என்று போட்டிருக்கலாம். நீ பன்னிரண்டு முறையும் முழுதாக எழுதியிருக்கிறாய்.

கெட்டி நூலாக எடுத்து நாலு தையல் போட்டேன். பதிவறையில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஃபைலைத் திறந்தவன் நான் என்பதால் வழக்கப்படி நானும் எழுத வேண்டும். உன் பன்னிரண்டாம் வரிக்குக் கீழே எழுதினேன். பெயர், தேதி. காரணம் என்ற இடத்தில் ஆயிரம் முறை எழுதிய பழக்கத்தில் ‘தூ’ வரை வந்துவிட்டது. அடித்துவிட்டு எழுதினேன்: ‘அக்காவின் கையெழுத்தைப் பார்க்க’.

தம்பி